ரெஜிஸ்டர் மாத்தியாச்சு!

"அக்கா, பட்டம் கட்டறதுக்கு என்னை எதிர்பாக்காத. நான் வர்ல."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகளின் கல்யாணப் பத்திரிகைகளை மேசை முழுக்கப் பரப்பி, ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி முருகேசன் போனில் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். மஞ்சள் கையோடு எடுத்ததில் போனும் மஞ்சள், என் காதும் மஞ்சள்.

என்னடா ஆச்சு என்றேன். சொன்னான்.

"அண்ணன் ரெஜிஸ்டர் மாத்திட்டாரு. அவுரே போன் பண்ணிச் சொல்றாரு. வந்து பாத்துக்கன்னு வேற சொல்றாரு. உன் கையெழுத்து இல்லாம இது நடந்திருக்காதேக்கா... நீயும் போட்டுக் குடுத்திருக்க."

நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்? கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். இரண்டு மாமன் இருந்தால் இரண்டு பேரும் நிற்கவேண்டும். ஒருவர் மட்டும் நின்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, கல்யாணம் நடக்கும். ஆனால் பந்தியில் இலை போட்டு, சாம்பார் வருவதற்கு முன்னால் அந்தக் கதையைப் பரிமாறி முடித்திருப்பார்கள். என் மகளும் மேடையில் நின்றுகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். சின்ன மாமன் என்றால் அவளுக்கு உயிர்.

அடுத்தது, ரெஜிஸ்டர். எங்கள் அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. கடத்தூர் பக்கத்தில் கிணற்றை ஒட்டி இருக்கும் நிலம் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. பாகம் பிரிக்கவில்லை. ஊரோடு இருக்கும் அண்ணன் மாதையன்தான் பயிர் வைக்கிறார். தம்பிக்கு மொரப்பூரில் கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருகிறான். எங்கள் ஊரில் ரெஜிஸ்டர் என்றால் ஒரே அர்த்தம்தான் — பத்திரப் பதிவு. மாத்தியாச்சு என்றால், பேர் மாத்தியாச்சு. கூடவே 'வந்து பாத்துக்க' என்று ஒரு சவால் வேறு. முடிந்தால் கேஸ் போட்டுக்கொள் என்று அர்த்தம்.

அண்ணன் அப்படிச் செய்கிற ஆளா? இல்லை என்றுதான் மனசு சொன்னது. ஆனால் இந்த மனசு இருக்கிறதே, ஒரு பக்கம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பக்கம்... சொத்து விஷயம், யார் கண்டது? என்றும் முணுமுணுத்தது.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பத்திரிகையில் பத்தி எழுதுவதைச் சொல்லவில்லை. அது பகுதி நேரம். முழு நேர உத்தியோகம், நடுப்பிள்ளை.

"அவனுக்கென்ன, ஃபேன் காத்துல உக்காந்துக்கிட்டு ஆயிரம் பேசுவான்" என்பார் அண்ணன். அதை நான் தம்பியிடம், அண்ணன் உன்னை விசாரிச்சார்டா என்று கொண்டுபோய்ச் சேர்ப்பேன். "வெளைச்சல் பூரா அவுரு வூட்டுக்கேதான் போவுதா?" என்பான் தம்பி. அதை அண்ணனிடம், இந்த வருஷம் மழை எப்படின்னு தம்பி கேட்டான் என்பேன். பொய்யா? சேச்சே... எடிட்டிங். பத்திரிகைக்கு எழுதுகிறவளுக்கு இது கூடவா தெரியாது? நான் கவனிக்காமல் விட்டதை அந்தப் பக்கம் அண்ணி பிடித்துவிடுவார். அவர் இந்த விஷயத்தில் எனக்குச் சீனியர். அண்ணன் தம்பி இருவரும் நேருக்கு நேர் பார்த்தால், வாங்க, இருக்கட்டுங்க, சாப்டீங்களா... அவ்வளவுதான். சண்டை என்ற பேச்சே கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மஞ்சளை அப்படியே விட்டுவிட்டுக் கடத்தூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை. எடுத்ததும் கத்தலாமா, காபி குடித்துவிட்டுக் கத்தலாமா? பக்கத்து சீட் அம்மா என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, ஏதோ ஸ்லோகம் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணன் வீட்டில் இல்லை. பின்னால் கொட்டகையில் இருந்து டொப் டொப் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால்... அப்பாவின் டிராக்டர்!

இப்போது ஊரில் ஓடும் டிராக்டர் எல்லாம் டீசல். இது வேறு ஜாதி. எந்த நாட்டிலிருந்தோ வந்து, கை மாறி மாறி அப்பாவிடம் சேர்ந்த வண்டி. பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும். கார் மாதிரி ஸ்பார்க் பிளக், அதற்குப் பொறி கொடுக்கும் காயில் எல்லாம் உண்டு. எனக்கு அதன்மேல் பாசம் கீசம் கிடையாது. என் முழங்காலில் இருக்கும் தழும்பு அதன் சைலன்சர் கொடுத்ததுதான். இத்தனை வருடமாகக் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்த வண்டி இப்போது பெயின்ட் அடித்துப் பளபள என்று நிற்கிறது. அண்ணன் அதன் பக்கவாட்டில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா பாப்பா. தம்பி உளறிட்டானா? யாருகிட்டயும் மூச்சு வுடாதடான்னு சொல்லலாம்னா, அதுக்குள்ள போனை வெச்சிட்டான். சரி, வந்து பாரு. ரெஜிஸ்டர் மாத்தியாச்சு!"

அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்தில், பீங்கான் மாதிரி வெள்ளையாக ஒரு கட்டை. இரண்டு முனையிலும் ஒயர்.

"இதாண்ணா ரெஜிஸ்டர்?"

"கடைக்காரன் அப்படித்தான் சொன்னான்."

ரெசிஸ்டர்! அட கடவுளே... ரெசிஸ்டர்!

அங்கேயே ஒரு தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. காலையில் தம்பியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வரி மாறாமல் சொன்னார். "அப்பாவுதுக்கு ரெஜிஸ்டர் மாத்தியாச்சுடா. இனி ஒண்ணும் பிரச்சனையில்ல. வந்து பாத்துக்க."

எங்கள் வீட்டில் அந்த டிராக்டருக்குப் பேரே 'அப்பாவுது'தான். அந்த நிலத்துக்கும் அதேதான். வண்டியைச் சரி செய்கிற விஷயமே தம்பிக்குத் தெரியாது. அதுவும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று போன் பேசினால் சா-வும் ஜா-வும் எங்கே பிரியும்? அண்ணன் வாயில் எப்போதுமே பிரியாது என்பது வேறு விஷயம். தம்பிக்குப் பல வருடமாக உள்ளே ஒரு பயம் இருந்தது. காதில் விழுந்ததை அந்தப் பயம்தான் மொழிபெயர்த்திருக்கிறது.

அண்ணனின் திட்டம் இதுதான். தாய்மாமன் சீர்த் தட்டுகளை எல்லாம் அப்பாவின் வண்டியில் ஏற்றி, அண்ணனும் தம்பியும் முன்னால் உட்கார்ந்து கல்யாண மண்டபத்துக்கு வரவேண்டும். மருமகள் அசந்து போகவேண்டும். ஆனால் வண்டியோ ஆறு வோல்ட் காலத்தது. அந்த பேட்டரிக்கு இன்று எங்கே போவது? பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினார். டைனமோவுக்குப் பதிலாகப் பழைய காரில் இருந்து ஆல்டர்னேட்டர், புது பல்பு எல்லாம் மாற்றியவர், பழைய காயிலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். ஆறு வோல்ட் தாங்குகிற காயிலுக்குள் பன்னிரண்டு வோல்ட் போனால்? சூடாகி, புகைந்து, போயே போச்சு. அப்புறம்தான் உதிரி பாகம் விற்கும் கடைக்காரர் ஒரு புதுக் காயிலும் இந்த வெள்ளைக் கட்டையும் கொடுத்திருக்கிறார்.

வருகிற கரண்ட்டை அப்படியே விடாமல் நடுவில் நின்று கொஞ்சம் குறைத்து அனுப்புகிற வேலை இதற்கு. ஆர்வத்தில் தொட்டுப் பார்த்தேன். சுரீர்!

"தொடாத பாப்பா, சுடும். சுடறதுதான் அதோட வேலை. காயிலுக்குப் போற சூட்டை அது வாங்கிக்குது."

விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டையைப் பார்த்தேன். அட, நம்ம ஆளு! நடுவில் நின்று, இரண்டு பக்கத்துக்காகவும் சுட்டுக்கொள்கிற ஜென்மம். எனக்கு அதன்மேல் சட்டென்று ஒரு பிரியம் வந்துவிட்டது.

அந்தப் பிரியத்தோடேயே என் வேலையையும் செய்தேன். தம்பி சொன்னதை அண்ணனிடம் சொல்லவில்லை. போனில் சரியாகக் கேட்கவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் துணியில் கையைத் துடைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஸ்டார்ட் ஆவுது. ஆனா மேட்டுல ஏறமாட்டேங்குது பாப்பா, அப்படியே அமுங்கிடுது. மண்டபத்துக்கு முன்னாடி மேடு இருக்குதில்ல? கரண்ட் வேலை அவனுக்குத்தான் தெரியும், அதான் வந்து பாத்துக்கடான்னேன். பாதிப் பேச்சுல வெச்சிட்டான், என்ன கோவமோ... அண்ணன் கூப்ட்டா வரக்கூடாதா?"

பாருங்கள், அதே 'வந்து பாத்துக்க'தான். ஒரு காதில் சவால். இவர் வாயில் அது கெஞ்சல்.

கொட்டகைக்கு வெளியே வந்து தம்பிக்கு போன் போட்டேன். பத்திரமும் இல்லை, பதிவும் இல்லை, அப்பா டிராக்டருக்கு ரெசிஸ்டர்டா என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உன்னையும் சேத்துப் பேசிட்டேனேக்கா..."

விடுடா என்றேன். பிறகு, அழுகையை மறைக்கிற ஆம்பிளைகள் எல்லாம் செய்வதையே அவனும் செய்தான். டெக்னிக்கலாக ஒரு கேள்வி கேட்டான். காயில் பழசா, புதுசா? புதுசு, பன்னிரண்டு வோல்ட் என்று மேலேயே போட்டிருக்கிறது என்றேன். "அப்பறம் ரெசிஸ்டர் எதுக்கு?" என்றான்.

மதியமே பைக்கில் வந்து இறங்கினான், கையில் மல்டிமீட்டரோடு. வாங்க என்றார் அண்ணன். இருக்கட்டுங்க என்றான் இவன். இரண்டு பேரும் டிராக்டரைத்தான் பார்த்தார்கள். அண்ணி டீ போட்டுக் கொண்டுவந்தார். நானும் அவரும் டம்ளர்களோடு காவல் நின்றோம்.

காயிலின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தம்பி விளக்கினான். பழைய ஆறு வோல்ட் காயிலையே வைத்து ஓட்டினால் நடுவில் ரெசிஸ்டர் கட்டாயம். பன்னிரண்டு வோல்ட் காயிலில் இரண்டு வகை உண்டு — வெளியே ரெசிஸ்டர் கேட்பது ஒன்று, வேண்டாதது இன்னொன்று. வண்டியைப் பார்த்தோ கடைக்காரரைக் கேட்டோ வாங்கக் கூடாது. காயிலை அளந்து பார்த்து வாங்கவேண்டும். இந்தக் காயிலுக்கு வேண்டிய தடை உள்ளேயே இருக்கிறது. இதற்கு வெளியே இன்னொன்று வேண்டவே வேண்டாம்.

ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் பாதுகாப்புதானே என்று கேட்டார் அண்ணன்.

"பாதுகாப்புதாங்க. ரெண்டு இருந்தா காயில் எரியவே எரியாது. ஆனா ஸ்பார்க் அடிக்காதுங்களே. அப்புறம் வண்டி எங்க மேடு ஏறும்?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். இருவரும் சட்டென்று டீயைப் பார்த்துக்கொண்டோம்.

அப்போதுதான் அண்ணன் கேட்டார், காலையில் ஏண்டா போனை வெச்ச என்று. 'சிக்னல் இல்லண்ணா' — என் வாயில் தயாராக இருந்தது. அண்ணியும் ஏதோ சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அவர் கையை அழுத்திப் பிடித்தேன். என் உதட்டையும் கடித்துக்கொண்டேன். அப்பப்பா, எழுதிய வரியை அச்சுக்குப் போகும்போது அடிப்பது கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

தம்பி மீட்டரைக் கீழே வைத்தான்.

"நெலத்த நீ எழுதிக்கிட்டன்னு நெனச்சேண்ணா."

அண்ணன் முகத்தை அன்று மாதிரி நான் பார்த்ததில்லை. கோபம் கூட வரவில்லை. "அப்படி நெனச்சியாடா என்னை?" என்று மட்டும் கேட்டார்.

"நீ எப்ப என்கிட்ட வாய் தொறந்து பேசின? மழை எப்படி, உடம்பு எப்படி... அதுவும் அக்கா வந்து சொல்லும். அண்ணி வந்து சொல்லும். உன் மனசுல என்ன இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ கேட்டியாடா? வெளைச்சல் எங்க போவுதுன்னு ஒரு நாளு என் மூஞ்சப் பாத்துக் கேட்டியா?"

"கேட்டேனே! அக்காகிட்டச் சொல்லி வுட்டேனே!"

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மழை எப்படின்னு கேட்டான்... ஞாபகம் இருக்கிறதா? நான் டம்ளர் கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு கொட்டகையில் போட்டார்கள் பாருங்கள் ஒரு சண்டை! விளைச்சல், கிணறு, மோட்டார், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, எவர் கல்யாணத்துக்கு எவர் லேட்டாக வந்தார் என்பது வரைக்கும். வாங்க, இருக்கட்டுங்க எல்லாம் காணோம். நீ, வா, போ என்று சின்ன வயசுப் பாஷை திரும்பி வந்துவிட்டது. இதைத் தடுக்கத்தானே நான் இத்தனை வருடம் சூடு வாங்கினேன்? ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இருவரில் ஒருவரும் கொட்டகையை விட்டு வெளியே போகவில்லை.

கடைசியில் அண்ணன்தான் முதலில் ஓய்ந்தார். கல்யாணம் முடியட்டும், மூணு பேரும் உக்காந்து அளந்து பிரிச்சுக்கலாம் என்றார். தம்பி தலையை ஆட்டினான். பிறகுதான் தம்பி வந்த வேலையே அண்ணனுக்கு ஞாபகம் வந்தது.

"சரி, அந்தக் கட்டையக் கழட்டித் தொலை."

கழற்றி, ஒயரை நேராகக் காயிலில் கொடுத்தான். ஸ்டார்ட் செய்தார்கள். சத்தமே வேறு. கொட்டகைக் கோழிகள் எல்லாம் தெருவுக்கு ஓடின.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மேட்டுக்குக் கீழே முதலில் புகை தெரிந்தது, அப்புறம் அப்பாவுது. சீர்த் தட்டுகள், பூ மாலை, ஸ்டியரிங்கில் அண்ணன், மட்கார்டு மேல் தம்பி. வண்டி அமுங்கவில்லை, நிற்கவில்லை. ஒரே தம்மில் ஏறி வந்தது. ஏறி முடிக்கும் வரை இருவரும் எந்த கியரில் ஏற்றவேண்டும் என்று கத்திக்கொண்டே வந்தார்கள். என்ன, பொண்ணு மாமனுங்களுக்குள்ள சண்டையா என்று யாரோ கேட்டார்கள். ஆமாங்க, நல்லாப் போய்க்கிட்டிருக்குது என்றேன்.

பெரியவர் பட்டத்தை நெற்றியில் வைக்க, சின்னவன் பின்னால் முடிச்சுப் போட்டான். முடிச்சு இறுக்கம் பத்தாது என்று மேடையிலேயே ஒரு தகராறு. என் மகள் சிரித்துச் சிரித்துக் கண் மை கலைந்தது.

அந்த வெள்ளைக் கட்டையைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இதை எழுதும்போது மேசைமேல்தான் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ஆறு வோல்ட் காயிலுக்கு அது இல்லாவிட்டால் கதை முடிந்தது. அப்படிச் சில உறவுகளும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன; வருவதை அப்படியே தாங்காது, நடுவில் ஒருவர் நின்றே ஆகவேண்டும். ஆனால் எதிரில் இருப்பவர் எவ்வளவு தாங்குவார் என்று நாம் எங்கே அளந்து பார்த்தோம்? தாங்க மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்து நடுவில் போய் நின்றுகொள்கிறோம். எரியக்கூடாது என்பதிலேயே குறியாக இருந்ததில், அண்ணன் தம்பிக்குள் ஒரு பொறி கூட இல்லாமல் போனதை நான் கவனிக்கவே இல்லை.

இனிமேல் எடிட்டிங் எல்லாம் பத்திரிகைக்கு மட்டும்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். பழக்கம் அவ்வளவு சுலபமாக விடுமா? எனக்கு மட்டும் இல்லை, அவர்களுக்கும்தான். நேற்று அண்ணன் போன் செய்தார். பாகம் அளக்க ஆள் வருகிறார்களாம். "பாப்பா, தம்பிகிட்ட ஒரு வார்த்தை பக்குவமாச் சொல்லிடேன்..." என்று இழுத்தார்.

"அவன் நம்பர் அனுப்பட்டுமாண்ணா?" என்றேன்.